இரண்டு டம்பெல், ஆறு பயிற்சி, அரை மணி நேரம்: வீட்டிலேயே முழு உடல் சர்க்யூட்

"ஏன் தம்பி, காலங்காத்தால மேல அம்மிக்கல்லை உருட்டுறீங்களா?" என்று கீழ்வீட்டுப் பாட்டி ஒருநாள் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார். நான் செய்துகொண்டிருந்தது சர்க்யூட் டிரெயினிங் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு பயிற்சி முடிந்ததும் டம்பெல்லைத் தரையில் போடுவேன், அடுத்ததற்குத் தாவுவேன், கண் எப்போதும் கடிகாரத்தில் இருக்கும். மூன்று மாதம் இப்படிப் போனது. பனியன் பிழிகிற அளவுக்கு வியர்த்தது. தொப்பை அசையவில்லை, வலது தோள்பட்டை வலிதான் மிச்சம்.

சர்க்யூட்டை ஓட்டப் பந்தயமாக எடுத்துக்கொண்டதால் வந்த வினை. 1953-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆடம்சன் என்ற இருவர் வகுத்த முறை இது. ஒன்பது முதல் பன்னிரண்டு பயிற்சிகளை வட்டமாக அடுக்கி, ஒன்று முடிந்ததும் அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். இதன் சூட்சுமம் வரிசையில் இருக்கிறது. கால் வேலை செய்யும்போது கை இளைப்பாறும், கை தள்ளும்போது முதுகு இளைப்பாறும். இதயத்துக்கு மட்டும் ஓய்வு கிடையாது. அதனால் உட்கார்ந்து காத்திருக்காமலே ஒவ்வொரு தசைக்கும் உருப்படியான எடை கொடுக்க முடிகிறது. அவசரப்பட்டால் எடையைக் குறைத்தாக வேண்டும். எடை குறைந்தால் அது கையில் இரும்பை வைத்துக்கொண்டு குதிப்பதுதான், அதற்கு ஸ்கிப்பிங் கயிறே போதும், விலையும் குறைவு.

கீழே இருப்பது நான் இப்போது செய்கிற முறை. வாரம் மூன்று நாள், ஆறு பயிற்சி, மூன்று சுற்று. ஜிம் வேண்டாம், பெஞ்ச் வேண்டாம். ஒரு பாய் விரிக்கிற இடம் போதும்.

எதை வாங்குவது

கால் தூக்கும் எடையைத் தோள் தூக்காது. ஒரே எடையில் ஒரு ஜோடி வாங்கிவிட்டு, உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட்டுக்கு லேசாகவும் தலைக்கு மேலே தள்ளுகிற ஷோல்டர் பிரஸ்ஸுக்குக் கனமாகவும் இருக்கிறதே என்று முழிப்பவர்கள் நிறைய. பிளேட் மாற்றுகிற செட் வாங்கினால் வேறு பிரச்சினை: சுற்றுக்கு நடுவில் நட்டைக் கழற்றிப் பிளேட்டை மாற்றி மறுபடி முடுக்குவதற்குள் உடம்பு ஆறிவிடும்.

இதற்கு எனக்குப் பிடிபட்ட வழி: இரண்டு ராடில் ஒன்றைக் கனமாகவும் ஒன்றை லேசாகவும் பூட்டி வையுங்கள். இந்த ஆறு பயிற்சியையும் ஒரு நேரத்துக்கு ஒரே டம்பெல்லை வைத்துச் செய்யலாம். புதிதாகத் தொடங்கும் பெண்களுக்குப் பொதுவாகக் கனம் 5-6 கிலோ, லேசு 2-3 கிலோ. ஆண்களுக்குக் கனம் 10-12, லேசு 5-6 சரியாக இருக்கும். இது ஆரம்பக் கணக்குதான். உங்கள் எடை எது என்று உங்கள் உடம்புதான் சொல்லும். 10 முறை செய்து முடித்ததும் இன்னும் இரண்டு, மூன்று முறை முடியும் என்று தோன்றினால் அதுதான் சரியான எடை. இன்னும் பத்து முடியும் என்றால் லேசு. எட்டாவதிலேயே முதுகு வளைந்தால் கனம்.

பிளேட் செட் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் நட்டை ஒரு முறுக்கு முறுக்கிப் பாருங்கள். தலைக்கு மேலே தூக்கியிருந்தபோது என் டம்பெல்லின் நட்டு மெல்லக் கழன்று, இரண்டரைக் கிலோ பிளேட் கால் கட்டைவிரலுக்கு நாலு விரற்கடை தள்ளி விழுந்தது. டைல்ஸ் கீறல் இன்னும் இருக்கிறது, அதன்மேல் ஒரு மிதியடி போட்டு வைத்திருக்கிறேன்.

இன்னும் எதுவும் வாங்கவில்லையா? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. 5 லிட்டர் எண்ணெய் கேன் நாலரைக் கிலோவுக்குச் சற்று மேலே வரும், பிடிக்கக் கைப்பிடியும் இருக்கிறது. முதல் இரண்டு வாரத்தை அதிலேயே ஓட்டலாம். தொடர்ந்து செய்வோமா என்று தெரிந்த பிறகு காசு செலவழிப்பது நல்லது. பல வீடுகளில் டம்பெல் கதவுக்கு முட்டுக்கொடுக்கத்தான் பயன்படுகிறது.

முதலில் டாக்டரைக் கேட்க வேண்டியவர்கள்

இதய நோய், கட்டுக்கடங்காத ரத்தக் கொதிப்பு, குடலிறக்கம், டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமோ அறுவை சிகிச்சையோ முடிந்து சில மாதங்களே ஆனவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போதோ பின்னரோ சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வெறும் வயிற்றில் செய்யாதீர்கள், கைக்கெட்டும் தூரத்தில் இனிப்பு ஏதாவது இருக்கட்டும். சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள் எடை தூக்கும் முன் கண் டாக்டரையும் கேட்டுவிடுங்கள்.

நடுவில் நெஞ்சு அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாயுத் தொல்லை என்று இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்துவிட்டுப் படுப்பதற்கான நேரம் அது இல்லை.

ஐந்து நிமிடம் சூடேற்றுவது

நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் நடை, கொஞ்சம் முழங்காலை உயர்த்தி. தோளைப் பெரிய வட்டமாக முன்னும் பின்னும் பத்துப் பத்து முறை. எடையில்லாமல் பத்து பஸ்கி. நம் ஊர்ப் பழைய உடற்பயிற்சிக் கூடங்களில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று பழகியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பஸ்கியைத்தான் இப்போது ஸ்குவாட் என்கிறோம். கடைசியாகச் சுவரில் கை ஊன்றிப் பத்துத் தண்டால். நெற்றியில் லேசாக ஈரம் தெரிந்தால் தொடங்கலாம்.

வெறுங்காலோடு செய்வதே நல்லது. வழுவழு டைல்ஸில் கோரைப்பாய் நழுவும், ரப்பர் மேட் நழுவாது.

ஆறு பயிற்சியும் அவற்றின் வரிசையும்

முதலில் கோப்ளட் ஸ்குவாட். கனமான டம்பெல்லை நெட்டுக்குத்தாகப் பிடித்து, மேல்முனையை இரண்டு உள்ளங்கையாலும் தாங்கி நெஞ்சோடு ஒட்டி வையுங்கள். தளும்பத் தளும்பத் தண்ணீர் இருக்கும் சொம்பை ஏந்துகிற கவனம் வேண்டும். கால்கள் தோள் அகலம், பாத நுனி சற்றே வெளிப்பக்கம். பின்னால் இருக்கிற ஸ்டூலில் உட்காரப் போவதுபோல இறங்கி, குதிகாலை அழுத்தி எழுங்கள். முழங்கால் பாதவிரல் பார்க்கிற திசையிலேயே போக வேண்டும், உள்ளே ஒடுங்கக் கூடாது. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடும் பழக்கம் விடாதவர்கள் சுலபமாக ஆழம் போவார்கள். நாற்காலியிலேயே காலம் தள்ளியவர்கள் முதல் இரண்டு வாரம் நிஜமாகவே ஒரு ஸ்டூலைப் பின்னால் போட்டு, அதில் பட்டும் படாமலும் தொட்டு எழுந்தால் போதும்.

இரண்டாவது, ஒரு கை ரோ. இடது கையைக் கட்டில் விளிம்பில் ஊன்றுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், இல்லையென்றால் அது உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். முதுகைப் பலகைபோல வைத்து, வலது கையில் கனமான டம்பெல்லைத் தொங்கவிடுங்கள். ரம்பத்தை இழுப்பதுபோல முழங்கையை இடுப்பை நோக்கி இழுக்க வேண்டும். மார்பை நோக்கி நேர்மேலே இழுத்தால் கழுத்துதான் வலிக்கும். பத்து முடிந்ததும் கை மாற்றுங்கள்.

மூன்றாவது, ஃப்ளோர் பிரஸ். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, லேசான டம்பெல்லை ஒரு கையால் மேலே தள்ளுவது. மேல்கை உடம்பிலிருந்து 45 டிகிரி அளவுக்கு விலகியிருக்கட்டும், முழங்கை தரையை மெல்லத் தொட்டதும் மறுபடி மேலே. பெஞ்ச்சில் செய்தால் கை கீழே அதிகம் போய்த் தோளை இழுக்கும், இங்கே தரையே தடுத்துவிடுகிறது. வலி கண்ட என் தோளுக்கு இதுதான் ஒத்துவந்தது. முடித்ததும் துள்ளி எழாதீர்கள், கண் இருட்டும். பக்கவாட்டில் உருண்டு, கை ஊன்றி எழுங்கள்.

நான்காவதில்தான் நிறையப் பேர் முதுகைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ருமேனியன் டெட்லிஃப்ட். பார்த்தால் வெறுமனே குனிந்து நிமிர்வதுபோலத்தான் இருக்கும். குனிவது என்றால் வீடு பெருக்குகிற மாதிரி முதுகை வளைப்பது என்றே நமக்குப் பழகிவிட்டது. இங்கே மடிய வேண்டிய இடம் இடுப்பு மூட்டு. இரண்டு கையிலும் பாத்திரம் இருக்கும்போது பின்புறத்தால் கதவைத் தள்ளி மூடுவோமே, அதே அசைவு.

எடையே இல்லாமல் பழகுங்கள். சுவருக்கு முதுகு காட்டி, ஒரு பாத நீளம் தள்ளி நின்று, முழங்காலை லேசாகத் தளர்த்தி, பின்புறத்தால் சுவரைத் தொடுங்கள். தொட வந்துவிட்டால் இன்னும் இரண்டு விரற்கடை முன்னே வந்து மறுபடி. அடுத்து ஒட்டடைக் கம்பை முதுகோடு நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அது பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு என்று மூன்று இடத்தில் பட வேண்டும். குனியும்போது எந்த இடத்தில் கம்பு விலகினாலும் முதுகு வளைகிறது என்று அர்த்தம். நான் பத்து நாள் கம்போடு நின்றேன், வீட்டில் சிரித்தார்கள். மூன்று இடமும் விலகாமல் வந்த பிறகுதான் கனமான டம்பெல்லை இரண்டு கையாலும் பிடித்துத் தொடையோடு உரசியபடி இறக்கத் தொடங்கினேன்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை போனால் போதும். தொடையின் பின்புறம் இழுப்பது தெரிந்தால் அதுவே எல்லை, அங்கிருந்து இடுப்பை முன்னே தள்ளி நிமிருங்கள். இழுப்பு அடிமுதுகில் தெரிந்தால் எடையை வைத்துவிட்டுக் கம்புக்குத் திரும்புங்கள். செல்போனைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள். நாம் நேராக இருப்பதாக நினைக்கிற முதுகும் வீடியோவில் தெரிகிற முதுகும் வேறு வேறாக இருக்கும்.

ஐந்தாவது, ஷோல்டர் பிரஸ். லேசான டம்பெல், ஒரு கை. மறு கை இடுப்பில். காதோரம் தொடங்கித் தலைக்கு மேலே தள்ளுங்கள். வயிற்றை இறுக்கி, முதுகைப் பின்னால் வளைக்காமல் செய்ய வேண்டும். கை உயர்த்தினாலே தோள் வலிக்கிறவர்கள் இதை விட்டுவிட்டுச் சுவர்த் தண்டால் எடுக்கலாம், குடி ஒன்றும் முழுகிவிடாது.

ஆறாவது, சூட்கேஸ் நடை. கனமான டம்பெல்லை ஒரு கையில் தொங்கவிட்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் 30 வினாடி நடந்து, கை மாற்றி இன்னும் 30 வினாடி. இடுப்பில் குடம் வைத்தால் உடம்பு தானாக மறுபக்கம் சாயும். இங்கே எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நடக்க வேண்டும், அந்தச் சாயாமைக்காக விலாவும் வயிறும் படுகிற பாடுதான் பயிற்சி. படுத்து எழுந்து வயிற்றைக் குறைக்கப் பார்க்கும் கிரஞ்சஸைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.

வரிசையைக் கவனித்தீர்களா? ரோ, டெட்லிஃப்ட், நடை மூன்றும் கைப்பிடியைக் களைக்க வைக்கும். அதனால்தான் இடையிடையே தள்ளும் பயிற்சிகள். இஷ்டத்துக்கு மாற்றி ரோவையும் டெட்லிஃப்டையும் அடுத்தடுத்து வைத்தால் கால் களைப்பதற்கு முன்பே விரல் விட்டுவிடும்.

சுற்று, ஓய்வு, மூச்சு

ஒவ்வொன்றும் 10 முறை. ஒரு கைப் பயிற்சிகளில் ஒவ்வொரு கைக்கும் 10. ஒரு பயிற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே 20-30 வினாடி, அதாவது டம்பெல்லை மெதுவாகக் கீழே வைத்து, முகத்தைத் துடைத்து, அடுத்த இடத்தில் நிற்கிற நேரம். இப்படி ஒரு சுற்றுக்கு எட்டு நிமிடம் ஆகும். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே 2 நிமிடம் ஓய்வு. மூன்று சுற்றும் சேர்த்து ஏறக்குறைய 28 நிமிடம்.

40 வினாடி வேலை, 20 வினாடி ஓய்வு என்று டைமர் வைத்துச் செய்பவர்களும் உண்டு. முதல் மாதம் அது வேண்டாம் என்பேன். கடிகாரம் ஓடினால் நாமும் ஓடுவோம், ஓடினால் முதுகு வளையும்.

வேகம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். "குக்கரை இறக்கிடு" என்று சொல்ல முடிய வேண்டும். மாமியார் வீட்டுக் கதையை முழுதாகச் சொல்ல முடிந்தால் எடை போதவில்லை. வாயே திறக்க முடியவில்லை என்றால் ஓய்வை நீட்டுங்கள்.

தள்ளும்போதும் எழும்போதும் மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் அந்த நொடியில் எகிறும். பிரஷர் இருப்பவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

முடித்ததும் பொத்தென்று சோபாவில் விழாமல் மூன்று நான்கு நிமிடம் மெல்ல நடந்து மூச்சை ஆற்றுங்கள். சித்திரை, வைகாசியில் விடிவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. ஃபேனைப் போட்டுக்கொண்டே செய்யலாம், வியர்த்தால்தான் கொழுப்பு கரையும் என்பது வெறும் நம்பிக்கை. வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும். அதை உப்புப் போட்ட நீர்மோரில் திரும்பப் பெறலாம்.

வாரக் கணக்கு

திங்கள், புதன், வெள்ளி பயிற்சி. மற்ற நாட்களில் அரை மணி நேரம் நடை. முதல் வாரம் இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள், "இன்னும் முடியுமே" என்று தோன்றினாலும். அந்த "முடியுமே"வின் விலை மறுநாள் படிக்கட்டு இறங்கும்போது தெரியும். பயிற்சிக்குப் பின் ஒன்று முதல் மூன்று நாள்வரை தசைவலி வருவது சகஜம், தானே போய்விடும். வலியும் வீக்கமும் தாங்க முடியாமல் போய், சிறுநீர் கட்டன்காபி நிறத்தில் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது.

இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று சுற்று. பிறகு அவசரமில்லாமல் 10-ஐ 12 ஆக்குங்கள், 12-ஐ 15 ஆக்குங்கள். மூன்று சுற்றிலும் 15 முறை ஒழுங்காக வந்தால் ஒன்றிரண்டு கிலோ கூட்டி மறுபடி 10-லிருந்து. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ டாக்டர் தாமஸ் டிலோர்ம், காயம்பட்ட வீரர்களுக்குப் படிப்படியாக எடை கூட்டிப் பயிற்சி கொடுத்தார்; இன்று எல்லா ஜிம்மிலும் நடப்பது அந்தப் படிக்கட்டுதான். எடை கூட்ட பிளேட் இல்லையென்றால் இறக்கும் நேரத்தை 3 வினாடியாக நீட்டுங்கள். அதே 6 கிலோ திடீரென்று கனத்துப் போகும்.

ஒரு பழைய நோட்டில் தேதி, எடை, எத்தனை முறை என்று எழுதி வையுங்கள். செல்போன் செயலிகளும் இருக்கின்றன, ஆனால் நடுவில் செல்போனை எடுத்தால் ஓய்வு 2 நிமிடத்தில் முடியாது.

கொழுப்பு எங்கே குறைகிறது

70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேர சர்க்யூட்டில் செலவழிப்பது, எவ்வளவு தீவிரமாகச் செய்கிறார் என்பதைப் பொறுத்து, சுமார் 150 முதல் 280 கலோரி. முடித்த கையோடு இரண்டு உளுந்து வடையும் சர்க்கரை போட்ட ஒரு காபியும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு குறைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நாளொன்றுக்கு 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். இதைவிட வேகமாக இறக்கித் தருகிறேன் என்பவர்களிடம் பர்ஸைக் காட்டாதீர்கள்.

அப்படியானால் டம்பெல் எதற்கு? சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். எடை தூக்கினால், புரதமும் போதுமான அளவு போனால், தசை பெரும்பாலும் தங்கிவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் என்பது எடை தூக்குகிறவர்களுக்கு நியாயமான இலக்கு. 70 கிலோ ஆளுக்கு 84 கிராமிலிருந்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொல்கிற அளவுதான்.

இட்லி, தோசை, சாம்பார் சாதம், ரசம், மோர் என்று ஒரு நாள் போனால் 84 எட்டாது. ஒரு முட்டை 6 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமுக்கு 8-9, பனீர் 100 கிராமுக்கு 18 அளவில், சமைத்த மீனோ கோழியோ 100 கிராமுக்கு 20-லிருந்து 30. சைவர்களுக்கு மலிவான வழி சோயா உருண்டை, காய்ந்த நிலையில் 100 கிராமில் 50-க்கு மேல். சோறு விஷமில்லை. மூன்று கரண்டியை இரண்டாக்கி, அந்த இடத்தில் பொரியலும் சுண்டலும் வைத்தால் போதும். சோற்றைவிட எண்ணெயைத்தான் நான் கண்காணிப்பேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, அதைத் தாளிக்கும்போது யாரும் அளப்பதில்லை.

தொப்பைக்கென்று தனிப் பயிற்சி கேட்பவர்களுக்கு: குறிப்பிட்ட இடத்துக் கொழுப்பை மட்டும் கரைக்க வழியில்லை. உடம்பு எங்கிருந்து எடுக்க நினைக்கிறதோ அங்கிருந்து எடுக்கும். ஆண்களுக்குத் தொப்பை பெரும்பாலும் கடைசியில்தான் போகும்.

முதல் இரண்டு மூன்று வாரம் எடை இயந்திரம் நகராது, சிலருக்கு அரைக் கிலோ ஏறவும் செய்யும். பழகாத வேலை செய்த தசை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் வருவது அது. தையல் டேப்பை நம்புங்கள். வாரம் ஒருமுறை, அதே நாள், காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக விட்டு, ஒரே இடத்தில் இடுப்பைச் சுற்றி அளந்து நோட்டில் எழுதுங்கள். நம்மவர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை.

கல்யாணம், காய்ச்சல், ஊருக்குப் போனது என்று ஒரு வாரம் விட்டுப்போனால் பழைய எடையிலேயே இரண்டு சுற்றாகத் தொடங்குங்கள். ஒரு மாதம் போய்விட்டால் எடையையும் ஒரு படி இறக்குங்கள், ஒட்டடைக் கம்பையும் எடுங்கள். டம்பெல்லைத் தரையில் வைக்கும்போது மட்டும் இரண்டு கையாலும் மெதுவாக. கீழே யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.